மஞ்சள் விமானத்துக்கு ஒரு சந்தன மாலை

எங்கள் பக்கத்தில் புது வீட்டுச் சுவரில் எதை மாட்டுவது என்பதை வீடு கட்டியவர்கள் முடிவு செய்வதில்லை. அது எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். கிழக்குச் சுவரில் முருகன். அவருக்கு எதிரே, இறந்துபோன பெரியவர்கள் வரிசையாக. மிச்சமிருக்கும் சுவர்களில், கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் கொடுத்த கடிகாரங்கள் (எங்கள் வீட்டில் எல்லாமே வேறு வேறு மணி காட்டும்). இதை மாற்ற நினைப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால், மாற்ற நினைத்தது நான்.

கள்ளக்குறிச்சி இன்னும் தனி மாவட்டமாகாத காலம். நான் கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. என் கணவர் முருகவேல் கள்ளக்குறிச்சியில் விதைக்கடை வைத்திருந்தார். ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கி, இரண்டு பேரும் சேர்ந்து முட்டிமோதி வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

சென்னையிலிருந்து வந்த ஒரு டாக்டர் மலையில் ஓய்வுக்கென்று ஒரு பங்களா கட்டியிருந்தார். பள்ளி நூலகத்துக்கு உதவி கேட்டு ஒருநாள் அங்கே போனேன். போன வேலையை அந்த வீட்டுச் சுவரைப் பார்த்ததும் மறந்துவிட்டேன். சுவர் முழுக்கப் பழங்காலத்துக் குட்டி விமானங்களின் படங்கள். ஒருவர் இருவர் மட்டும் உட்காரக்கூடியவை. துணி போர்த்திய இறக்கை, சைக்கிள் சக்கரம் மாதிரி சக்கரம், மூக்கில் ஒரே ஒரு விசிறி. கெட்டியான தாளில், கையால் வரைந்ததைப் போலவே நயமாக அச்சிட்டிருந்தார்கள். "இது ஆர்ட் பிரிண்ட்டும்மா, பேரப்பிள்ளைங்க காலத்துலயும் மங்காது" என்றார் டாக்டர்.

அன்றே முடிவு செய்தேன். எங்கள் ஹாலில் விமானம்தான். (நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறும்போதே எனக்குத் தலை சுற்றும்.)

இணையத்தில் தேடி ஒரு படத்துக்குச் சொல்லிவைத்தேன். நீளமான குழாயில் சுருட்டி வந்து சேர்ந்தது. புல்தரையில் தனியாக நிற்கும் ஒரு மஞ்சள் விமானம். இருக்கையில் யாரும் இல்லை. பின்னால் விடியற்கால வானம். கணவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா அம்மா இன்னா சொல்லுமோ" என்றார்.

அங்கேதான் சிக்கல். என் மாமியார் எலவனாசூர்கோட்டையில் தனியாக இருந்தார். புது வீட்டுக்கு வந்து எங்களோடு இருக்கவேண்டும் என்பது என் கணவரின் பெரிய ஆசை. எத்தனை முறை கூப்பிட்டாலும் அவர், "மொதல்ல வூட்ட பாக்கறேன். பாத்துட்டு சொல்றேன்" என்று பரீட்சைக்கு வருகிற அதிகாரி மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். விமானப் படத்தைப் பற்றிப் போனில் சொன்னபோது, "சாமி படம் மாட்ற எடத்துல ஏரோப்ளானா? அதுக்கு எவ வெளக்கு ஏத்துவா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

மாட்டிய பிறகு பார்த்தால் அவருக்கே பிடித்துவிடும் என்று நம்பினேன். அதற்கு நல்ல சட்டம் வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்னால், கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் காதர் பாய் கடைக்குப் போனேன்.

இந்த இடத்தில் அப்போது எனக்கிருந்த ஒரு வியாதியைச் சொல்லவேண்டும். தமிழாசிரியை என்றால் வாயிலிருந்து வருவதெல்லாம் நல்ல தமிழாக இருக்கவேண்டும் என்று நான் சபதம் எடுத்திருந்தேன். பஸ்ஸில் நடத்துநரிடம்கூட "சில்லறை இல்லை, பொறுத்தருளுங்கள்" என்பேன். (சோடாவை 'ஜோடா' என்று கேட்டுக் கடையில் நிற்பவர்கள் நடுவில் நான் மட்டும் 'குளிர்பானம்' கேட்டு, கடைக்காரர் மருந்துக்கடைக்கு வழி சொன்னதும் உண்டு.)

படத்தை மேசைமேல் விரித்தேன்.

"ஐயா, இதற்குச் சட்டம் போடவேண்டும். நாளை மாலை கண்டிப்பாக வேண்டும்."

காதர் பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஆளில்லாத அந்த விமானத்தை ரொம்ப நேரம் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது.

"மாலை கண்டிப்பா வேணுமாம்மா?"

"கண்டிப்பாக வேண்டும். மாலை இல்லையென்றால் எனக்கு இதனால் பயனே இல்லை. மறுநாள் வீட்டில் விசேஷம். சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள்."

"வருவாங்கம்மா, வரணும்." பெருமூச்சு விட்டார். "சந்தனம் போட்டுறலாமா?"

அவர் தலைக்குப் பின்னால் கறுப்பு, பழுப்பு, சந்தன நிறங்களில் சட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. "சந்தனம் நன்றாக இருக்கும்" என்றேன்.

"லைட்டு?"

"ஆமாம், லைட்டாகவே இருக்கட்டும்." (சபதம் அந்த ஒரு சொல்லில் மட்டும் சறுக்கியது.)

பென்சிலை எடுத்தார். "பேரு?"

ரசீதுக்குத்தான் கேட்கிறார், கடைத்தெருவில் என் கணவர் பெயரைச் சொன்னால் தெரியும் என்று நினைத்து, "முருகவேல்" என்றேன்.

"ஒங்களுக்கு இன்னா வேணும்மா அவரு?"

"என் கணவர்."

பென்சில் அப்படியே நின்றது. "இன்னா வயசும்மா?"

"முப்பத்திரண்டு."

"யா அல்லா! இந்த வயசுலயே முடிச்சிட்டாரே!"

இவ்வளவு சின்ன வயதில் வீட்டைக் கட்டி முடித்ததைப் பாராட்டுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. "ஆமாம் ஐயா. கடைசி நேரத்தில் ரொம்பச் சிரமப்பட்டார். பார்த்தவர்கள் எல்லாம் இழுத்துக்கொண்டே போகும் என்றார்கள். நல்லவேளை, சட்டென்று முடிந்துவிட்டது" என்றேன்.

காதர் பாய் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்பணத்தை நீட்டியபோது வாங்கவில்லை. "காசு எங்கம்மா போவுது? மொதல்ல நடக்கவேண்டிய காரியத்த பாருங்க" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

(பூவும் பொட்டுமாக நின்ற என்னைப் பார்த்தும் அவருக்குச் சந்தேகம் வரவில்லையா என்று பிற்பாடு கேட்டேன். "இன்னும் பதினாறாம் நாள் காரியம் ஆவல போல, அவரு ஓட்டன ஏரோப்ளான் போலன்னு நெனச்சிக்கினேம்மா" என்றார்.)

மறுநாள் சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படம் வரவில்லை. போன் செய்தேன். "மாலை என்றீர்களே ஐயா?"

"மாலை ரெடிம்மா, கவலையே படாதீங்க. காலைல நானே கொண்டாந்து என் கையால மாட்டிட்டுப் போறேன்" என்றார். அந்தப் பதிலின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒட்டவில்லையே என்று அப்போதாவது தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை.

கிரகப்பிரவேசம் விடியற்காலையிலேயே நல்லபடியாக முடிந்தது. ஹோமப் புகையில் என் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்து, நிற்காமல் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஐயர் போய்விட்டார். மாமியார் முதல்நாள் ராத்திரியெல்லாம் தூங்காததால் உள்ளறையில் படுத்துவிட்டார். வீட்டைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்லவில்லை. மலையிலிருந்து என் மாணவி ஒருத்தியின் அப்பா சடையனும் அவர் மனைவியும் முதல் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். புது வீட்டுக்கு வழி தெரியாதே என்று அவர்களை அழைத்துவர என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். "அவர்களே ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்கள், நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

நான் அடுப்படியில் சர்க்கரைப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தபோது காதர் பாய் வந்தார். ஹாலில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. கரண்டியை விட்டால் அடிபிடித்துவிடும் என்பதால் உள்ளேயிருந்தே, "மிக்க மகிழ்ச்சி ஐயா! சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்!" என்று குரல் கொடுத்தேன். "வேணாம்மா... எனக்கு எறங்காது" என்று தழுதழுத்த பதில் வந்தது. காலையிலேயே சாப்பிட்டுவிட்டார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் களமருதூரிலிருந்து வேன் வந்து நின்றது. அதில் வந்தவர் பெரியத்தை, அதாவது என் மாமியாரின் அக்கா. கூடவே மகள்கள், மருமகள்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று வேன் நிறைய ஆட்கள். பெரியத்தை துக்க வீட்டில் அழுவதில் பேர்பெற்றவர். அவர் வந்து ஆரம்பித்தால்தான் சாவு களைகட்டும் என்பார்கள். எல்லோரும் சீர்த்தட்டோடு சிரித்துப் பேசிக்கொண்டே ஹாலில் நுழைந்தார்கள். பேச்சு சட்டென்று நின்றது.

ஹாலின் நடுச்சுவரில் என் மஞ்சள் விமானம் தொங்கியது. அதன்மேல் மரச்சீவலில் செய்த சந்தன மாலை. உச்சியில் சிவப்பாக எரியும் சீரோ வாட்ஸ் பல்ப். கீழே பித்தளைத் தகட்டில் கொட்டை எழுத்தில்: 'அமரர் முருகவேல்'.

அவர்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு மருமகள் அதை உரக்கப் படித்துக்காட்டியிருக்கிறாள்.

பெரியத்தை நேராக அடுப்படிக்கு வந்தார். "முருகவேலு எங்கடி?"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினேன். "போய்விட்டார் பெரியத்தை."

"ஐயோ! எப்படி?"

"இப்போதுதான். நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவே இல்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போய்விட்டார்."

போன அரைமணி நேரத்துக்குள் ஒரு மனிதருக்குச் சட்டம் போட்டு மாலை மாட்டிவிட முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை. பெரியத்தை மாரில் அடித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். அடுத்த நொடி தொடங்கிவிட்டது.

"வூடு கட்டி முடிச்சியே, எங்கண்ணு, உள்ள வந்து படுக்கலியே! ஏரோப்ளான்ல ஏறுனியே, எங்கிட்ட சொல்லலியே!"

மற்றவர்கள் வட்டம் போட்டு உட்கார்ந்து சேர்ந்துகொண்டார்கள். சத்தத்தில் விழித்து வெளியே வந்த என் மாமியார், அக்கா அழுவதைப் பார்த்ததும் யாருக்கு என்ன என்று கேட்காமலேயே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். (எங்கள் பக்கத்தில் அழுகைதான் முதலில். விசாரணை பிறகு.)

நான் கரண்டியும் கையுமாக ஓடிவந்தேன். களமருதூரில் யாரோ போய்விட்டார்கள், வருகிற வழியில் செய்தி வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். படம் இருந்த சுவர் எனக்கு முதுகுப்பக்கம். முன்னால் அழுகிற முகங்கள் மட்டுமே தெரிந்தன.

"யாருக்குப் பெரியத்தை? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கான்றாளே பாவி மவ! ஒம் புருஷன் போயிட்டாண்டி!"

அந்த நொடியை இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அப்போது சிரிப்பாக இல்லை. அவர் பைக்கில் போனது ஞாபகம் வந்தது. ஹெல்மெட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டு முனையில் லாரிகள் திரும்பும் வேகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று இன்னும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அழுத்திச் சொல்லியிருக்கக்கூடாதா என்று மட்டும் நினைத்தேன். அப்புறம் நான் அழுத அழுகையைப் பார்த்து, பெரியத்தையே தன் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாராம். நல்ல தமிழெல்லாம் எங்கோ போய், "என்ன வுட்டுட்டு போய்ட்டியேய்யா" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கதறியிருக்கிறேன்.

என் மாமியாருக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சுவரில் சாய்ந்தவர் சத்தமே இல்லாமல் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் தெரு கூடிவிட்டது. வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை அவிழ்க்கலாமா, இதற்கும் வாழைமரம் கட்டுவது உண்டுதானே, இருக்கட்டுமா என்று இரண்டு பேர் வாதம் செய்துகொண்டிருந்தார்களாம்.

அங்கே பஸ் ஸ்டாண்டில் என் கணவர் சடையன் தம்பதியைக் கண்டுபிடித்துவிட்டார். அவர்கள் கொண்டுவந்திருந்த பலாப்பழம் ஒரு பெரிய அண்டா அளவு. அதை வைத்துக்கொண்டு மூன்று பேர் பைக்கில் வரமுடியாது. பைக்கை அங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தார். எங்கள் தெருப்பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர், "அந்தத் தெருவா? ரோட்டுலயே எறக்கி வுட்டுறேங்க. இன்னிக்கி வூடு பால் காய்ச்சனாங்களே, அங்க யாரோ தவறிட்டாங்களாம். ஒரே கூட்டம்" என்று சொல்லியிருக்கிறார்.

என் கணவருக்கு உலகமே இருண்டுவிட்டது. அம்மா தூங்கப் போனது ஒன்றுதான் அவர் ஞாபகத்தில் இருந்தது. பலாப்பழத்தைத் தோளில் தூக்கியவர், அதை இறக்கிவைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல், "அம்மா! அம்மா!" என்று தெருவெல்லாம் அலறிக்கொண்டு ஓடிவந்தார். கூட்டம் வழிவிட்டது. (வந்தவர் யார் என்று தெரிந்தவர்கள் இன்னும் அகலமாக வழிவிட்டார்கள்.)

ஹாலுக்குள் நுழைந்து, "எங்கம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கதறினார்.

அழுகை நின்றது. அப்படி ஓர் அமைதியை நான் தேர்வு அறையில்கூடக் கேட்டதில்லை. பெரியத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார், "காளியாத்தா!" என்று ஒரு கூப்பாடு போட்டுவிட்டு என் மடியிலேயே மயங்கி விழுந்தார். பலாப்பழம் தோளிலிருந்து நழுவி, புது டைல்ஸில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

மாமியார் மெதுவாக எழுந்து வந்தார். மகன் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டார். பிறகு அதே கன்னத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். "சுடுது" என்றார் எங்களைப் பார்த்து. "உசுரோடதான் இருக்கறான்."

அறை வாங்கிய கன்னத்தோடு என் கணவர் அப்போதுதான் சுவரைப் பார்த்தார். தகட்டை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். "அமரர்... முருகவேல்... நானா?" என்று என்னிடம் கேட்டார். வாசலில் நின்ற சடையன் ரொம்ப மரியாதையாக, "டீச்சரம்மா, நாங்க வேணும்னா அப்பறமா வரட்டுங்களா?" என்றார்.

காதர் பாய்க்குப் போன் பறந்தது. பதறியடித்துக்கொண்டு வந்தவர், என் கணவரைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார். விஷயம் புரிந்த பிறகு அவர் பார்வை என்மேல் திரும்பியது.

"நீங்கதானம்மா சொன்னீங்க? மாலை கண்டிப்பா வேணும், மாலை இல்லாட்டி பிரயோஜனமே இல்லன்னு? போன்ல வேற மாலை மாலைன்னு கேட்டீங்களே?"

"நான் மாலைப் பொழுதைச் சொன்னேன் ஐயா" என்றேன்.

கூட்டத்தில் ஒருவர் மற்றவருக்கு விளக்க, அவர் அடுத்தவருக்கு விளக்க, விஷயம் வாசல்வரை போய்ச் சேர்ந்தது. கடைசியில் என் மாமியார் கேட்டார்:

"ஏம்மா, சாயந்தரம்னு சொன்னா வாய் வலிக்குமா?"



யாரோ சிரிக்க ஆரம்பித்து, அது தெருவரைக்கும் போனது. ஆனால் மயக்கம் தெளிந்த பெரியத்தை சிரிக்கவில்லை. "எல்லாஞ் சரி. பால் காய்ச்சன வூட்ல ஒப்பாரி வெச்சிட்டோமே. அபசகுனமாச்சே" என்றார். சிரிப்பு அடங்கியது. எல்லோரும் மாமியார் முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான்கு வருஷமாகச் சேர்த்துவைத்த என் கணவரின் ஆசை அந்த முகத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் புடவையை உதறிச் செருகிக்கொண்டார்.

"இன்னா அபசகுனம்? அக்கா, இது போனவன் பொழச்சி வந்த வூடு! ஒங்க களமருதூர்ல எவ வூட்லயாவது நடந்திருக்குதா? எம்புள்ளைக்கி ஏதோ ஒரு கண்டம் இருந்திருக்குது. அத இந்த ஏரோப்ளான் தூக்கிக்கினு போயிடுச்சி."

அதோடு நிற்கவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி காதர் பாய் கையில் கொடுத்தார். பித்தளைத் தகட்டைத் தோசைக்கரண்டியால் நெம்பி எடுத்தார். விமானத்தின் விசிறிக்கு நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். கண்ணாடி மேல்தான் என்றாலும் எனக்குப் பகீரென்றது. வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு என் வாயால் ஆனது போதும் என்று எனக்கே தெரிந்திருந்தது.

கீழே இறங்கியதும் மகனிடம் சொன்னார்: "நான் ஊருக்குப் போவல. இங்கியேதான் இருக்கப்போறேன். இவ பேசற தமிழுக்கு நீ இன்னொரு தடவ செத்தாலும் செத்துருவ. வூட்ல வெவரந் தெரிஞ்ச மனுஷி ஒருத்தி வேணும்."

இப்படித்தான் என் மாமியார் எங்களோடு வந்து சேர்ந்தார். உடைந்த பலாப்பழத்தைச் சடையன் அங்கேயே சுளை எடுத்துக் கொடுக்க, அழுது களைத்த அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியத்தை மட்டும் அவ்வப்போது என் கணவரின் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். காதர் பாய் அன்று பொங்கல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். இந்த முறை இறங்கியது.

அந்தக் குட்டி விமானத்துக்கு எங்கள் சொந்தத்தில் இப்போது நல்ல பெயர். யாருக்காவது ஜாதகத்தில் கண்டம், ஏழரைச் சனி என்று ஜோசியர் சொல்லிவிட்டால், நேராகக் காதர் பாய் கடைக்குப் போய், "முருகவேலு வூட்ல இருக்குதே, அந்த ஏரோப்ளான்" என்று கேட்கிறார்கள். அவரும் சிவப்பில், நீலத்தில், இரட்டை இறக்கையில் என்று விதவிதமாக வரவழைத்து வைத்திருக்கிறார். களமருதூரில் பெரியத்தை வீட்டில் மட்டும் மூன்று இருக்கின்றன. அழகுக்காக ஒரே ஒரு படம் மாட்ட ஆசைப்பட்டேன். இப்போது அந்தப் பக்கம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பழைய விமானம் ஒன்று குங்குமத்தோடு நிற்கிறது.

போன மாதம் பக்கத்து மனையில் புதிதாகக் குடிவந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். படத்தை ரசித்துப் பார்த்துவிட்டு, நாலாவது படிக்கும் என் மகளிடம், "ரொம்ப அழகா இருக்கே, எப்ப வாங்குனீங்க?" என்று கேட்டார்.

அவள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அதுவா ஆண்ட்டி? எங்கப்பா செத்தப்ப மாட்டுனது" என்றாள்.

அந்த அம்மாள் பாவம், கண் கலங்கி அவள் தலையைத் தடவிக்கொடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் அடுப்படியிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்து, "காப்பிக்கு சக்கர ஜாஸ்தியாங்க, கம்மியாங்க?" என்று கேட்டுவிட்டார்.